வலது நுரையீரலில் பாசிப்பயறளவு

நெடுநாளாகச் சிகரெட் பிடிப்பவர்கள் நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது தீனதயாளன் நாளைக் கடத்தினார். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. நல்லூர் நிட்டிங் யூனிட்டுக்கு அவர்தான் மேனேஜர். அவரைக் கம்பெனியின் பெரிய ஃபேக்டரிக்கு மாற்றுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் அதோடு போச்சு.

மெஷின் ஓட்டும் சுடலைக்கும் அவர் வயதுதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பேக்கரி வாசலில் தினமும் அவரோடு நின்று புகைப்பான். ஆனால் துணி ரோலை ஒற்றை ஆளாகத் தூக்குவான், ஒருநாள் இருமியதில்லை.

"எம்பேரைச் சொல்லிப் போய்ப் படுத்துட்டு வந்துரு சுடலை. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, எனக்கும் ஓசியில பாத்த மாரி ஆச்சுல்லா."

போய்ப் படுத்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து தீனதயாளனைக் கூப்பிட்டார்கள்.

"வலது நுரையீரல்ல பாசிப்பயறளவுக்கு ஒரு கட்டி இருக்குதுங்க," என்றார் டாக்டரம்மா. "கேன்சர் மாதிரிதான் தெரியுது. ஆனா ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டோம். இப்பவே எடுத்துட்டா பொழச்சுக்கலாமுங்க."

அவர் கை தன் வலது நெஞ்சுக்குப் போனது. பிறகுதான் அது தன் நுரையீரல் இல்லை என்பது உறைத்தது. உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றும், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகவும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தார். சொன்னால் ஆள் மாறாட்டம் வெளியே வரும். வேலை போகும். மறுநாள் பேக்கரியில் சுடலையே கேட்டான்.

"நம்ம ஸ்கேன் என்னாச்சு அண்ணாச்சி?"

"சுத்தமா இருக்குதாமா."

சுடலை சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு சிகரெட் வாங்கினான். அவருக்கு அவனே பற்றவைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பத் திரும்ப போன் வந்தது. அந்த நம்பரை பிளாக் செய்தார்.

ஐப்பசி மழையில் சுடலைக்கு இருமல் பிடித்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான்.

"டாக்டரைப் பாரு சுடலை."

"அன்னைக்கே சுத்தமா இருக்குன்னுட்டாங்கள்ளா. இது பஞ்சுத் தூசி அண்ணாச்சி."

தீனதயாளன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் ரூமுக்குத் திரும்பினார். தை மாதம் அவர் பெரிய ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

சுடலை ரத்தம் துப்பி விழுந்த பிறகுதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோய் எலும்புவரை போயிருந்தது. பார்க்கப் போன தீனதயாளனை அவன் மனைவி மூக்கம்மாள் வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள்.

"நான் எத்தனையோ தடவ கூப்பிட்டேன் அண்ணாச்சி. மேனேஜர் எனக்கு ஸ்கேனே பாத்துக் குடுத்துட்டாரு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருன்னு வரவே மாட்டேன்னுட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பழைய ஸ்கேன் படம் இருந்தா கொண்டாரச் சொல்லுதாரு டாக்டரு. ஒங்ககிட்ட இருக்கா?"

"அது எங்கியோ தொலைஞ்சு போச்சும்மா."

"சரி, விடுங்க. ஒங்கள மாரி யாரு செய்வா," என்றாள் அவள்.

சுடலை பங்குனியில் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் தீனதயாளன் ஈரோட்டுக்குப் போய், தன் சொந்தப் பேரில், தானே படுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்றார்கள். சிகரெட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். விட்டுவிட்டார். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.