எலியேசர் சார் விரட்டின காக்கா

ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்துல, காலனி ஆண்டு விழாவுல, முன் வரிசை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்த ஜெரூஷா, பதினஞ்சு வயசுல ஹார்ட் அட்டாக் வருமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தா.

விஷயம் இதுதான். அவ அப்பா எலியேசர் முப்பத்திநாலு வருஷம் ஏவுகணை இன்ஜினியர். ரிட்டயர் ஆகி ஒரு மாசம். வேலைய பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்ல. "இன்னைக்கு கேன்டீன்ல என்னங்க சாப்பாடு?"ன்னு அம்மா கேட்டாகூட, "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது ஜோதி"ம்பாரு.

அவருக்குத்தான் இன்னைக்கு பாராட்டு. வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் எழுதிக் குடும்மான்னு செக்ரட்டரி தோத்தாத்ரி சார் ஜெரூஷாவ கேட்டாரு. அவ அப்பாவ கேட்டா. "போனேன், வேலை செஞ்சேன், வந்தேன். எழுதிக்கோ"ன்னாரு. ஒரு பக்கத்துக்கு அது எப்படிப் போதும்? மிச்சத்த அவளே அடிச்சு விட்டா.

இப்ப தோத்தாத்ரி அதத்தான் மைக்ல முழங்கிட்டிருந்தாரு.

"கவுண்ட்டவுன் ஓடுது! ஏவுகணை மூக்கு மேல ஒரு காக்கா! எல்லாரும் கையப் பிசையறாங்க. நம்ம எலியேசர் சார் டிபன் பாக்ஸத் தொறந்தாரு. ஒரு மெதுவடைய தூக்கிக் காட்டி, 'கா... கா...'ன்னு கூப்பிட்டாரு. நாட்டு மானம் பொழைச்சுது!"

விசில் பறந்துச்சு. அப்பா மூஞ்சி செங்கல் மாதிரி இருந்துச்சு. விளையாட்டுக்குக்கூட பொய் சொல்லாத மனுஷன். மைக்க அவர் கைல குடுத்தாங்க. செத்தோம்னு ஜெரூஷா கண்ண மூடிக்கிட்டா.

"சார், வடை மேட்டர் நிஜமா?" பின்னாடிலேர்ந்து பக்கத்து வீட்டு கிரீஷ் அண்ணா கத்தினான்.

அப்பா தொண்டையக் கனைச்சாரு. "அதப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது."

அவ்ளோதான்!

"சொல்லக்கூடாதாம்டா! அப்ப நிஜம்தான் மச்சான்!"

மண்டபமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. சால்வை மேல சால்வை. அப்பா மூக்கு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

மிச்ச கேசரிய டப்பால அடைக்க அம்மா அங்கயே நின்னுட்டாங்க. ஸ்கூட்டர்ல அப்பாவும் பொண்ணும் மட்டும். சிக்னல்ல வண்டி நின்னுச்சு.

"அப்பா, ஸாரிப்பா. அந்தக் காக்கா..."

"காக்கா இல்லம்மா. கோழி."

சிக்னல் பச்சையாச்சு. வண்டி நகரல. பின்னாடி ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன்ல உயிர எடுத்தான்.

"ஐயோ, சொல்லிட்டேனே!" அப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஜெரூ, அம்மாட்ட கூட மூச்சு விடாத."

அன்னிலேர்ந்து ஜெரூஷாவுக்குத் தூக்கம் போச்சு. தூக்கத்துல உளறிட்டா? நாட்டு ரகசியமாச்சே!

நேத்து அம்மா சாதாரணமாத்தான் கேட்டாங்க. "ஞாயித்துக்கெழம கோழி எடுக்கலாமா?"

அப்பாவும் பொண்ணும் சேந்தே சொன்னாங்க. "அதப் பத்தி எதுவும் சொல்லக்கூடாது."