உட்காரும் குழுவில் அத்தை

1

மாமியாரிடம் கேட்காமல் எடுத்த கதை இது. சமையலறையில் அவர் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து ஒட்டுக்கேட்டு எழுத ஆரம்பித்தேன். முதலில் இப்படி:

‘மருத்துவமனையின் நீண்ட வராந்தாவில் ஒரு மூதாட்டி தளர்ந்த கால்களுடன்—’

நிறுத்திவிட்டேன். அத்தைக்கு எழுபத்தொன்று. கால்கள் தளரவில்லை. தளர்ந்தது என் வாக்கியம்தான்.

2

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் அத்தை முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் இயக்கினார். [பொத்தானை அழுத்த ஆள் எதற்கு என்பவர்கள், அந்தப் பழைய லிஃப்ட்டின் இரும்புக் கதவை ஒரு நாள் இழுத்துச் சாத்திப் பார்க்கட்டும்.] போன குளிர்காலத்தில், ஃப்ளூ தடுப்பூசி போட்டும் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பதினோரு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். வயசான உடம்பு ஊசி சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காது என்றார் டாக்டர். அத்தைக்கு அது சுருக்கென்று தைத்தது.

இந்த வருஷம் அதே மருத்துவமனையில் ஓர் ஆய்வு. ஊசி போட்ட கையோடு முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால், வயதானவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக ஊறுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேர் நடக்க வேண்டும், பாதிப் பேர் உட்கார வேண்டும். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். (ஊறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வு எதற்கு?) சீட்டுக் குலுக்கியதில் அத்தைக்கு விழுந்தது உட்காரும் குழு.

3

பத்து நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வராந்தாவில் நடக்கத் தொடங்கினார்.

யாருக்கும் தெரியாமல் நழுவியதாகத்தான் முதலில் எழுதினேன். கதைக்கு அது ருசி. ஆனால் நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் எழுந்தார். நடந்தால் பெயரை நீக்க வேண்டிவரும், இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்தானே என்று அவள் கெஞ்சினாள்.

“லிஃப்ட் ஸ்டூல்ல உட்கார்ந்தே ஒரு ஆயுசைக் கழிச்சுட்டேம்மா. உங்க ஆராய்ச்சி தப்புன்னு சொல்லல. அதுக்கு நான் ஆள் இல்ல, அவ்வளவுதான். நான் மறைச்சு நடக்கல, எழுதிக்கோ.”

பெயரை அடித்தார்கள்.

4

ஒரு மாதம் கழித்து, கூப்பிடாமலே போய்க் கையை நீட்டினார். இந்த ரத்தம் ஆய்வில் சேராது என்றார் டாக்டர். சேர்க்க வேண்டாம், எனக்குச் சொன்னால் போதும் என்றார் அத்தை. நர்ஸ் ஊசியை எடுத்தாள்.

முடிவு அ: எதிர்ப்புச் சக்தி எகிறியிருக்கிறது. டாக்டர் வாயடைத்துப் போகிறார்.

முடிவு ஆ: ஏறவே இல்லை. அத்தை ஜன்னலோரம் அமர்ந்து—

இரண்டையும் அத்தை படித்துவிட்டார். (மேஜைமேல் விட்டது என் தப்பு.) பேனாவை எடுத்து இரண்டையும் அடித்தார். உண்மையில் ஏறித்தான் இருந்தது. நடந்ததாலா, வெறும் ஊசியாலா என்று ஒரே ஒருத்தரை வைத்துச் சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“ஏறலைன்னாலும் நடந்திருப்பேன்,” என்றார் அத்தை. “அதை எழுது.”

5

எழுதிவிட்டேன். குளிர்காலம் இன்னும் வரவில்லை. காய்ச்சல் திரும்புமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன். தினமும் காலை ஆறரைக்கு அவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். முடிவு வேண்டுபவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். நின்று பதில் சொல்ல மாட்டார். கூடவே நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் அது உங்கள் பாடு.