தொண்ணூற்றெட்டு கிலோ

எல்ராயை மோட்டார் சைக்கிள்மேல் ஏற்றி உட்கார வைக்க வெர்னாவுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. வலது கால் தொடையோடு போய்விட்டவன் அவன். முன்சக்கரத்தைக் கவ்விய ஸ்டாண்டு வண்டியை ஆடாமல் நிறுத்தியிருந்தது. இடது காலில் நின்று, மனைவியின் தோளை அழுத்திப் பிடித்து, இருக்கையில் பக்கவாட்டில் சறுக்கி ஏறினான். ஏறியதும் மூச்சு வாங்கியது. தென்னாப்பிரிக்காவின் பார்ல் ஊர்ச் சனிக்கிழமை வெயில் பட்டறைக் கதவு வரை வந்து நின்றிருந்தது. ரொட்டிக்கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த மாவுப் பைகளை வெர்னா ஒவ்வொன்றாக அவன் மடியில் அடுக்கிக் கட்டினாள்.

“நான் எழுபத்தொண்ணுதான் இருக்கேன். இதெல்லாம் எதுக்கு?”

“தொண்ணூத்தெட்டு ஆகணும்.”

“யாரு அந்தத் தொண்ணூத்தெட்டு?”

வெர்னா மண்டியிட்டு, பின்சக்கர அச்சிலிருந்து வால்பகுதி வரை டேப்பைப் பிடித்து அளந்தாள். ஆள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்பக்கம் அதிகம் அமுங்கினால் வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அமுங்காமலே நின்றால் சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். இந்த மாதிரி வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒல்லியான பந்தயக்காரனுக்கும் வழவழப்பான பந்தயத் தடத்துக்கும் ஏற்றபடிதான் வருகின்றன. மலைச் சாலையில், ஒட்டுப்போட்ட தாரில், தொப்பை விழுந்த ஒருவன் ஓட்டவேண்டும் என்றால் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் எண்ணெய் போகும் வழியை மாற்றவேண்டும், பின்பக்க அதிர்வுதாங்கியான ஷாக்கைக் கழற்றிவிட்டு வேறு ஷாக் போடவேண்டும். பதினாறு வருடமாக வெர்னா செய்துவந்த வேலை அது.

எல்ராயின் உள்ளங்கை பெட்ரோல் டாங்கின் வலது பக்கத்தைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒரு நசுங்கல் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் புதுக் கறுப்பு அடித்தவள் அதை மட்டும் அப்படியே விட்டிருந்தாள்.

“இது அந்த வண்டி” என்றான்.

“ஆமா.”

இரண்டு வருடத்துக்கு முன் மாரியஸ் தூனிஸன் இந்த வண்டியில் பழைய கணவாய்ச் சாலையில் இறங்கி வந்தபோது, கல்சுவரை ஒட்டிய இடப்பக்க வளைவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனான். எதிரே எல்ராய் தன் சின்ன வண்டியில் வேலை முடிந்து மேலே வந்துகொண்டிருந்தான். மாரியஸுக்குத் தோளெலும்பு மட்டும் முறிந்தது. விசாரணையில் அவன் சொன்னது வெர்னாவுக்கு மனப்பாடம்: “எண்பதுலதான் வந்தேன். பின்பக்கம் திடீர்னு குதிச்சுது. மூணு வாரம் முன்னாடிதான் வெர்னா அந்த ஷாக்கை மாத்திக் குடுத்தா.” அப்போது அவன் அவள் பக்கம் திரும்பி, வருத்தப்படுகிற மாதிரி தலையைக்கூட ஆட்டினான். வண்டியைச் சரியாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியும் இருக்கலாம் என்று காப்பீட்டுக்காரர்களின் நிபுணர் எழுதினார். மாரியஸ் வழக்கிலிருந்து தப்பி வெளியே வந்துவிட்டான். புருஷனின் காலை எடுத்தவள் பெண்டாட்டியே என்று ஊரில் ஒரு சிரிப்புக்கதை கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்கூட அதற்குப்பின் அவள் பட்டறைப் பக்கம் வரவில்லை.

உடைந்த வண்டியை அவள் தேடிப்பிடித்து வாங்கியது எட்டு மாதத்துக்கு முன். முதல் வேலையாகப் பின் ஷாக்கைப் பிரித்தாள். எண்ணெய் கறுக்காமல் தேன் நிறத்தில் இருந்தது. சீல் கசியவில்லை, தண்டு வளையவில்லை. ஷாக்கில் ஒரு குறையும் இல்லை. வெர்னா அன்று பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து படம் எடுத்தாள். வழக்கறிஞர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, “இனிமே இத வெச்சு என்னம்மா பண்றது” என்றார். அதன்பிறகு தான் செய்யப்போவதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. வளைந்த ஃபோர்க்கை எறிந்துவிட்டு வேறு போட்டாள். வண்டியின் சட்டகத்தை நேராக்கி, சாலையில் ஓட்டச் சான்றும் வாங்கிவிட்டாள்.

இப்போது பின் இருக்கையில் ஆறு மாவுப் பைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டினாள்.

“இது யாரு?” என்றான் எல்ராய்.

“நான்.”

அவன் மடியில் கட்டிய மாவோடு, கால் இல்லாத பக்கம் சாயாமல் இருக்க ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“அவனக் கொல்லப்போறியா?”

“கொல்லணும்னா இவ்வளவு வேல எதுக்கு. இதோ இந்தத் திருகாணிய ரெண்டு சுத்து சுத்தினா போதும்.”

சுற்றிப் பார்த்தும் இருந்தாள். போன வாரம் ஒரு மத்தியானம். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற திருகாணி அது. முழுக்கத் தளர்த்திவிட்டால், வளைவில் ஒரு மேடு வந்ததும் பின்பக்கம் ஆளைத் தூக்கி எறியும். தளர்த்திவிட்டு ஸ்குரூடிரைவரும் கையுமாக வெகுநேரம் நின்றாள். மாரியஸ் தாரில் உரசிக்கொண்டு போவதை விலாவாரியாக, ஒவ்வொரு எலும்பாக நினைத்துப் பார்த்தாள். இனித்தது. பிறகுதான் உறைத்தது: அவன் அப்படி விழுந்தால் அவன் சொன்னது நிஜமாகிவிடும். வெர்னா தொட்ட வண்டி குதிக்கும் என்பது ஊருக்கே நிரூபணமாகிவிடும். அவள் திருகாணியைப் பழைய இடத்துக்கே, க்ளிக் க்ளிக்காக எண்ணிக்கொண்டு திருப்பினாள். வாழ்நாளில் அவள் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலையாக இது இருக்கவேண்டும்.

“என்னையும் கூட்டிட்டுப் போ” என்றான் எல்ராய்.

“வேண்டாம். உன்னப் பாத்தா அவனுங்களுக்குப் பரிதாபம் வந்துடும். பரிதாபம் வந்தா நல்லவனுங்க ஆயிடுவானுங்க.”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வெர்னா தனியாக மலை ஏறினாள். இரண்டு பேர் எடைக்குத் தயார் செய்த வண்டி, ஒற்றை ஆளாக அவளைச் சுமக்க மனமில்லாமல் ஒவ்வொரு மேட்டிலும் உதைத்தது. சுரங்கப்பாதை வந்தபின் இந்தப் பக்கம் லாரிகள் குறைவு. பபூன் குரங்குகள் சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. உச்சியில் இருந்த பண்ணைக் கடை முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. மாரியஸும் மற்றவர்களும் வெளி மேசையில் சுட்ட ரொட்டியும் கறுப்புக் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வீடு விற்றுக் கொடுக்கிறவனுக்கே உரிய சிரிப்பு மாரியஸுக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

“அட, வெர்னா. எவ்வளவு நாளாச்சு. எல்ராய் எப்படி இருக்கான்?”

“ஒத்தக் காலோட இருக்கான்.”

சாவியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முன்பெல்லாம் அவனை நீங்க என்றுதான் கூப்பிடுவாள்.

“உன் வண்டி. பின்னாடி இருக்கறது நீ சொன்ன அதே ஷாக். ஸ்பிரிங் மட்டும் கனமா போட்டிருக்கேன், ரெண்டு பேருக்கு. கீழ கல்சுவர் வளைவு வரைக்கும் ஓட்டிக் காட்டு.”

மாரியஸ் எட்டிப் பார்த்தான். டாங்கின் நசுங்கலில் அவன் கண் நின்றதை அவள் கவனித்தாள். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதன் பின்னால் யாரும் இல்லை.

“உனக்குப் பைத்தியமா? இதுல என்ன பண்ணி வெச்சிருக்கியோ, யாரு கண்டா.”

“அதுக்குத்தான் நான் பின்னாடி உக்கார்றேன்.”

கூட்டத்திலேயே வயதில் மூத்தவரான கோபஸ் லட்டெகன், தன் வண்டிக்கு முதல் தடவையாக நல்ல ஷாக் போட்டுக்கொண்டது வெர்னாவிடம்தான். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“போய்த்தான் வாயேன் மாரியஸ். பொண்ணே பின்னாடி உக்கார்றாங்கறப்ப.”

“எனக்கென்ன பயமா?” என்றான் மாரியஸ். எழுந்தான்.

இருவரும் ஏறியதும் வண்டி அமுங்கி, அளந்த இடத்தில் நின்றது. வெர்னாவுக்கு அதை டேப் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. கோபஸும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் தொடர்ந்தார்கள். இறக்கம் தொடங்கியது. தாரின் ஒட்டுகளை வண்டி விழுங்கிக்கொண்டே போனது. இடுப்பைப் பிடித்திருந்த கையில் அவன் மூச்சு தட்டுப்பட்டது, வேகமாக. வேகமானியின் முள் நாற்பதில் நின்றது.

அவள் குனிந்து அவன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் கத்தினாள்.

“எண்பதுன்னுதானே சொன்ன. எண்பதுல போ.”

அவன் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். அறுபது. எழுபது. எண்பது. கல்சுவர் வளைவு தெரிந்தது. வளைவின் நடுவே, தார் அலையலையாகப் புடைத்திருக்கும் இடமும் தெரிந்தது. வெர்னா எல்ராயின் காலை நினைக்கவில்லை. திருகாணியின் க்ளிக்குகளை நினைத்தாள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் அலைகள்மேல் ஏறியது. முன்னும் பின்னும் அமுங்கி எழுந்தன. வெர்னாவின் இருக்கையில் ஓர் அசைவு, அவ்வளவுதான். வண்டி கோட்டை விட்டு விரலளவுகூட நகரவில்லை. இன்னும் மூன்று நொடி அப்படியே விட்டிருந்தால் வளைவு முடிந்திருக்கும்.

அவன் முதுகு கல்லாக இறுகியதை அவள் முதலில் உணர்ந்தாள். பிறகு அவன் பிரேக்கைப் பிடித்தான். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்தது, நிமிர்ந்து நேராகப் போனது. வெள்ளைக் கோடு அவர்களுக்குக் கீழே குறுக்காக ஓடி இடப்பக்கம் மறைந்தது. எதிரே யாரும் வரவில்லை. சாலையின் தப்பான பக்கத்தில், கல்சுவருக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது.

வெர்னா இறங்கினாள். சுவரில் உட்கார்ந்துகொண்டாள். இந்த நிமிடத்துக்காக எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒன்றும் வாயில் வரவில்லை. கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்த மூவரும் தங்கள் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மாரியஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வெளிறி, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

“குதிச்சுது” என்றான். “பாத்தீங்கல்ல? பின்பக்கம் குதிச்சுது.”

இன்னும் அவன் உட்கார்ந்தே இருந்தான், இரண்டு காலும் தரையில், பிரேக்கை விடாமல். கோபஸ் பிரேக் பிடித்ததில் டயர் தாரில் இழுத்திருந்த கறுப்புக் கோட்டை, அது தொடங்கிய இடம் வரை கண்ணால் அளந்தார். அலைகளைத் தாண்டி வெகுதூரம் கழித்துத்தான் அது தொடங்கியிருந்தது. பிறகு வண்டிக்குப் பின்னால் வந்து, வெர்னா எழுந்துபோன காலி இருக்கையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தன் முழு எடையையும் போட்டு அழுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

வண்டி, மாரியஸையும் சுமந்துகொண்டு, குதிக்காமல் மெதுவாக மேலே வந்து நின்றது. ஒரே ஒரு தடவை.