கேட்டில் மூன்று நிமிடம்

பூட்ஸ் கழன்றுவிட்டது. சாக்ஸ்தான் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். வியர்வையில் ஊறிய முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. எழில்மொழி நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். யாரோ ஒரு பிளேடை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

"வுடும்மா. ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்றாள் கீழ்வீட்டுக் கன்னியம்மா.

"ஆச்சுக்கா. ஆச்சு."

முடிச்சு அவிழ்ந்தது. கறுப்பு சாக்ஸை உரித்தபோது தோலில் அதன் வரிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஐம்பத்து மூன்று வயது ஆளின் கெண்டைக்கால் மாதிரியே இல்லை. திரண்டு கெட்டியாக இருந்தது. கால் இன்னும் சூடாக இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. அவள் கைதான் சில்லிட்டுப் போயிருந்ததோ என்னவோ.

மாலை நாலே முக்காலுக்குச் செத்துப்போன நீலமேகம், ஆறரை மணிக்கு வியாசர்பாடி குடியிருப்பின் கீழே ஒரு பெஞ்சின் மேல் மஞ்சள் ஜெர்சியோடு படுத்திருந்தார். ஐஸ் பெட்டி வருவதற்குள் குளிப்பாட்டிவிட வேண்டும் என்று ஆட்கள் அவசரப்பட்டார்கள். மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கெங்கம்மா அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் ரெண்டு வாய் தயிர் சோறுதான் துன்னாரு. வவுறு கனமா கீதுன்னா ஓட முடியாதுன்னாரு."

அவர் ஓடப் போனதுதான் வீட்டில் ஒரு வாரமாகப் பிரச்சினை.

நீலமேகம் மணலியில் ஒரு ரசாயன கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அது பிழைப்பு. அவர் யார் என்று கேட்டால் வடசென்னையில் யாரும் கம்பெனி பேரைச் சொல்ல மாட்டார்கள். 'ரெஃப்ரி நீலமேகம்' என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் நகரத்துக் கால்பந்து லீக் ஆட்டங்களில் விசில் ஊதியவர். நாற்பத்தைந்து வயதானதும் விதிப்படி பட்டியலிலிருந்து பேரை எடுத்தார்கள். நடுவர் சங்கத்தில் சால்வை போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமே, பதினெட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவர் தேர்வுக்குப் பேர் கொடுத்தார். எழில்மொழி தேறினாள். இப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். சனி, ஞாயிறு நடுவர். சங்கத்தில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தி.

புதிதாக ஒரு லீக் வந்து மூன்று வருஷமாகிறது. முதலாளிகள் அணிகளை வாங்கி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பேசி, கேமரா வைத்து நடத்துகிற லீக். போன மாதம் ஒரு பெனால்டி கொடுத்ததற்காக, கூட்டம் உள்ளே புகுந்து நடுவரை அடித்துத் தாடையை உடைத்தது. மைதானத்தில் டாக்டர் இல்லை, வண்டி இல்லை. ஆட்டோவில் உட்கார வைத்துத்தான் கொண்டு போனார்கள். நடுவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை என்று கையை விரித்துவிட்டது லீக். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆம்புலன்ஸும் டாக்டரும் பாதுகாப்பும் உண்டென்று எழுதிக் கொடுத்தால்தான் விசிலைத் தொடுவோம் என்று சங்கச் செயலாளர் கோதண்டம் அறிவித்தார். ஒருத்தர் விடாமல் கையெழுத்துப் போட்டு, ஆட்ட நாட்களில் மைதானத்துக் கேட்டில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். முதல் பத்துக்குள் எழில்மொழியின் கையெழுத்து இருந்தது.

லீக் அசரவில்லை. வயதாகி விலகியவர்களின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை சாப்பிடும்போது நீலமேகம் சொன்னார்: "எனக்கும் போன் வந்துச்சு. போலாம்னு கீறேன்."

எழில்மொழி முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள்.

"நைனா, நாங்க கேட்டாண்ட குந்திகினு கீறோம். நீ எங்களைத் தாண்டி உள்ள போவியா?"

"நீங்க கேக்குறது நாயம்தான். நான் இல்லன்னு சொல்லல."

"அப்பால?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எட்டு வருஷம் ஆச்சு எழிலு, நடுவுல நின்னு. லைன்ல நின்னு பாக்குறேன், கேலரில குந்தி பாக்குறேன். அது வேற. எனக்கு ஒரு தபா ஊதணும் போல கீது. அவ்ளோதான். வேற காரணம் சொன்னா பொய்யி."

"வேற எவனாவது போனா அவனை இன்னான்னு சொல்லுவேனோ, உன்னையும் அதான் சொல்லுவேன்."

"சொல்லு."

"கருங்காலி."

கெங்கம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நீலமேகம் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். கோபப்படவில்லை. அதற்கப்புறம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வரை காலையில் ஐந்து மணிக்கு அவர் எழுந்து ஓடப் போகும் சத்தத்தை மட்டும் அவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்த பதிலி நடுவர்களை ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் கேன் வேனுக்குள் உட்கார வைத்து, மறியலில் இருந்தவர்கள் கண்ணெதிரிலேயே வெளியே கொண்டு போய்விட்டார்கள். வேனுக்கு வழிவிட்டு நின்ற சங்கத்துக்காரர்களைப் பார்த்து உள்ளிருந்து யாரோ கையசைத்துவிட்டுப் போனார்கள். அந்த அவமானம் ஞாயிற்றுக்கிழமையும் ஆறவில்லை. அன்றுதான் நீலமேகத்தின் ஆட்டம். இருபத்தாறு பேர் கேட்டை அடைத்து நெருக்கமாக உட்கார்ந்தார்கள். அவர் பின்பக்கச் சுவர் வழியாக உள்ளே போனதாகச் சொன்னார்கள். எழில்மொழி பார்க்கவில்லை.

மதியமே ஓர் ஆம்புலன்ஸ் வந்து உள்ளே போனது. கோதண்டம் அதைக் காட்டி, "பாருங்க. நம்ம கேட்ட வண்டி. நமக்குக் குடுக்கல, அவங்களுக்குக் குடுத்துட்டானுங்க" என்றார். எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட விசில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். குட்டையாக, வெடுக்கென்று முடியும் விசில். காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் கோஷத்தைச் சத்தமாகப் போட்டாள். ஒரு கட்டத்தில் விசில் வரவில்லை. கூட்டத்தின் இரைச்சலும் அடங்கியது. ரெட் கார்டு போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு சைரன். உள்ளிருந்து ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்து நின்றது. பழக்கதோஷத்தில் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். நாலு நாற்பத்தொன்று.

சிலர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். எழில்மொழிதான் குரல் கொடுத்தாள். மைதானத்தின் அந்தக் கோடி வரை எட்டும் குரல் அவளுக்கு.

"யாரும் எழுந்துக்காதீங்க. டிராமா. நேத்து கேன் வண்டி, இன்னிக்கு இது."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார். உள்ளே யாரு என்று கேட்டார்கள். ரெஃப்ரி என்றார். தெரியும் தெரியும் என்று நாலைந்து பேர் சிரித்தார்கள். டிரைவர் திரும்ப ஓடினார், ஹாரன் அடித்தார், மறுபடி இறங்கி வந்தார். அப்போதுதான் வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இறங்கினார். வண்ணாரப்பேட்டை ஹபீபுல்லா. நீலமேகத்தோடு இருபது வருஷம் லைனில் கொடி பிடித்தவர். அன்றும் கொடி பிடிக்க வந்திருந்தார். எழில்மொழியைப் பார்த்தார். திறந்த கதவுக்குள் மஞ்சள் ஜெர்சியும் இரண்டு பூட்ஸின் அடிப்பகுதியும் தெரிந்தன.

நாலு நாற்பத்து நான்கு.

இருபத்தாறு பேரும் எப்படி எழுந்தார்கள், எப்போது வண்டி போனது, தன்னை யார் பைக்கில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாரடைப்பு. கொண்டு வரும்போதே இல்லைம்மா" என்றது மட்டும் நினைவிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் தெருமுனையில் மாலையோடு நின்றார்கள். கெங்கம்மா ஆள் அனுப்பினாள். "வரச் சொல்லு. அவரோட ஓடுனவங்கதான எல்லாம்."

மாலை போட்டுவிட்டுக் கோதண்டம் எழில்மொழியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். முகம் ஒரே ராத்திரியில் ஒடுங்கியிருந்தது.

"டாக்டராண்ட பேசிட்டேம்மா. கிரவுண்டுலயே முடிஞ்சிருக்கும்னாரு. நீ ஒண்ணும் மன்சுல வச்சிக்காத. யாராண்டயும் எதுவும் பேசவும் வேணாம். புரியுதா?"

அவள் தலையாட்டினாள். கிரவுண்டிலேயே. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி நீர் பூத்தது.

ஹபீபுல்லா காலையிலிருந்தே ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் போய் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமு, கேட்டாண்ட வண்டி நின்னப்போ நைனாவுக்கு உசுரு இருந்திச்சா?"

"அதான் டாக்டர் சொல்லிட்டாரே."

"டாக்டர் வண்டில இல்ல. நீங்கதான் இருந்தீங்க."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

"தெரியணும்."

ஹபீபுல்லா டம்ளரைக் கீழே வைத்தார். எதிரே பறை அடிப்பவர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கண்ணு தொறந்துதான் இருந்திச்சி. வண்டி ஏன் நிக்கிதுன்னு கேட்டாரு. அப்போ உன் சவுண்டு கேட்டுச்சு. எழிலு சவுண்டுப்பான்னாரு." காலருகே இருந்த டம்ளரைத் தள்ளி வைத்தார். "சிரிச்சா மாதிரி இருந்திச்சி. சிரிச்சாரா, வலியில வாய் அப்படிப் போச்சான்னு எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

"நீங்க உடனே இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே மாமு."

"எங்கையைப் புடிச்சிகினு இருந்தாரு. வுடல. டிரைவர் பேசிக்குவாருன்னு குந்திட்டேன். அது எம்மேல கீது." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "புடி தளர்ந்த அப்பாலதான் இறங்குனேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அழுகையும் வரவில்லை. பறைச் சத்தம் எழும்பியது. யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் அது தன் பேர் என்று உறைத்தது.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். பூ வண்டிக்குப் பின்னால், ஆண்களோடு அவளும் மூலக்கொத்தளம் வரை நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. வழியெல்லாம் சாமந்தி இதழ்கள் தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. கால் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். குழியருகே சங்கத்துக்காரர்கள் யாரும் சொல்லாமலே ஒரே வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் குனிந்து, கடைசியாக ஒரு விசில் ஊதலாமா என்று கோதண்டத்திடம் கேட்டார். கோதண்டம் வேண்டாமென்று தலையசைத்தார். கை நிறைய மண் அள்ளிப் போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். ஈர மண். பொத்தென்று விழுந்தது.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். எல்லாரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் கெங்கம்மா மட்டும் சுவரில் சாய்ந்திருந்தாள். வளையலைக் கழற்றக் கூடாதென்று நீலமேகம் எப்போதோ சொல்லி வைத்திருந்ததால் யாரும் அவள் கையைத் தொடவில்லை.

"தண்ணி சொட்டுது பாரு. இங்க வா" என்றாள்.

எழில்மொழி அவள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். கெங்கம்மா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். வளையல்கள் காதருகே உரசின. சின்ன வயசில் துவட்டுகிற மாதிரியே அழுத்தித் துவட்டினாள்.

"யம்மா."

"ம்."

"வண்டிய நிக்க வச்சது நான்தான். யாரும் எழுந்துக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். உள்ள நைனா இருந்தது தெரியாது." முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அப்போ உசுரு இருந்திச்சாம். மாமு சொன்னாரு. மூணு நிமிஷம்."

வளையல் சத்தம் நின்றது.

கீழே சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது. துண்டின் ஈரம் கழுத்தில் இறங்கி முதுகை நனைத்தது. எழில்மொழி திரும்பிப் பார்க்கவில்லை. கெங்கம்மாவின் இரண்டு கைகளும் அவள் தலையில், துண்டின் மேல், அழுத்தாமலும் எடுக்காமலும் அப்படியே இருந்தன.