தீவுக்கு வெட்டிய வழி

அறுபத்தைந்து யூரோ. என்ஸியோ பக்கத்து வீட்டு ரவுனோவுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவுதான். உறைந்து கிடக்கும் ஹவுக்கிவெசி ஏரியில் பனி என்றைக்கு உடையும் என்று வருஷா வருஷம் இருவரும் ஐந்து யூரோ பந்தயம் கட்டுவார்கள். எதிர்த் தீவுக்கு ஒரு படகு போய்த் திரும்பினால் பனி உடைந்த கணக்கு. என்ஸியோ அவசரக்காரன், முந்திய தேதியாகச் சொல்வான், தோற்பான். பதின்மூன்று தோல்விக்குப் பதின்மூன்று பென்சில் கோடுகள் என்ஸியோ வீட்டு அடுப்படிக் கதவு நிலையில் நின்றன. இந்த வருஷம் அவன் சொன்னது மே ஏழு. பலித்தால் பழைய பாக்கி மொத்தமும் ரத்து.

அந்த மே ஏழு காலை ஐந்து மணிக்கு அவன் மனைவி ஹில்கா தரையில் உட்கார்ந்து ஆக்ஸிஜன் சிலிண்டர்களை மூன்றாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு. ஒன்று மூன்று மணி நேரம் வரும். ஆக ஒரு பகல், ஒரு ராத்திரி. அவனைக் கூட்டிப்போகத் தீவில் தேசியப் பூங்காக்காரர்களின் மரக்குடிலை வாடகைக்குச் சொல்லியாயிற்று. அங்கே மின்சாரம் கிடையாது; வீட்டில் அவனுக்காக ராப்பகலாக உறுமும் ஆக்ஸிஜன் மெஷினைக் கொண்டுபோக முடியாது. படகில் போக ஒரு மணி, வர ஒரு மணி. எதிர்காற்று அடித்தால்? ஒரு சிலிண்டர் மூடி திறக்க வராமல் போனால்? எழுபத்திரண்டு வயதுக் கைகள் அவளுடையவை. மறுபடி எண்ணினாள்.

அறைக்குள் படுத்திருந்த என்ஸியோவின் குரல் வந்தது. "என்ன, சிலிண்டரு குட்டி கிட்டி போட்டிருக்கா?"

"வாயை மூடிட்டு மூச்சு விடு."

"பனி போச்சா?"

"போகல."

"என்ன நிறத்துல இருக்கு?"

"சாம்பல்."

"கறுக்கணும்." மூச்சு வாங்கினான். "கறுத்துட்டா ஒரு தெற்குக் காத்து போதும்."

நாற்பது வருஷம் அந்தத் தீவுகளைச் சுற்றி இழுவைப் படகில் மரத்தடி இழுத்தவன். வெளியூர்க்காரர்கள் கரையில் தீ மூட்டி மீன் சுடும் புகையைத்தான் பார்த்திருக்கிறான். இறங்கி ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. மே மாதம் கடல்நாய் இனத்து ஏரிச் சீல்கள் பாறையில் ஏறிப் படுக்குமே, அதைச் சும்மா இருந்து பார்க்க வேண்டும் என்பான். மார்ச்சில் பனி லாரி போகும் அளவுக்கு உறுதியாக இருந்தபோது, "சறுக்கு வண்டியில வெச்சு இழுத்துட்டுப் போயேன்" என்று கேட்டான். குளிர் நெஞ்சில் இறங்கிவிடும், தண்ணீர் திறக்கட்டும் என்று ஹில்காதான் தள்ளிப்போட்டாள். இப்போது பனி ஆளையும் தாங்காது, படகையும் விடாது. நேற்று நர்ஸ் வாசலில் வைத்து, இனி வாரக் கணக்கு இல்லை, நாள் கணக்குதான் என்றாள். ஹில்கா அதை ரவுனோவிடம் மட்டும் சொன்னாள். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

"கம்பளிச் சாக்ஸ் ரெண்டு ஜோடி போதுமா?" என்று கேட்டாள்.

மூன்றாவது ஜோடியையும் எடுத்து மடியில் வைத்தாள்.

"என்ஸியோ, உன்னத்தான். ரெண்டு போதுமா?"

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது, காற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.

அவள் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி ஐந்தரை. நெடுநேரம் கழித்து மெஷினை அணைத்தாள். போகிறவர் போக வழி விட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், ஜன்னலைத் திறந்தாள். குளிரோடு ஒரு சத்தமும் உள்ளே வந்தது. தம். தம். பிறகு கண்ணாடித் துண்டுகள் குலுங்குவதுபோல ஒன்று.

ஏரியின் நடுவில் ரவுனோ நின்றான். ஒரு கால் படகில், ஒரு கால் பனியில். கடப்பாரையால் குத்துகிறான், படகுக்குள் தாவுகிறான், உடம்பை ஆட்டிப் படகால் பனியை நசுக்குகிறான், மறுபடி இறங்குகிறான். எழுபத்துநான்கு வயது. அவன் பின்னால் படகுத்துறையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு நீண்டிருந்தது.

"ரவுனோ! திரும்பி வா!"

கேட்கவில்லை. போன் அடித்தாள். மணி அவன் வீட்டு அடுப்படியில் அடிப்பது ஜன்னல் வழியே அவளுக்கே கேட்டது.

நர்ஸைக் கூப்பிட்டு இரண்டையும் சொன்னாள்.

"மீட்புப் படையக் கூப்பிடுங்க, ஹில்கா. நானும் உடனே வரேன்."

"ஹெலிகாப்டர் வந்து தூக்கினா அவன் வெக்கத்துலயே செத்துருவான். நீ மெதுவா வா. இங்க இருக்கிறவருக்கு அவசரமில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, போனைக் கீழே வைக்கவில்லை. ஜன்னலில் நின்று குத்துகளை எண்ணினாள். நாற்பத்தொன்றில் சத்தம் நின்றது. படகு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. விரல் மீட்புப் படையின் எண்களைத் தேடியது. ஒரு வருஷம்போல இருந்தது. பிறகு படகின் விளிம்பில் ஒரு கை. தொப்பி இல்லாத ஒரு தலை. தம். அவள் முதலிலிருந்து எண்ணினாள்.

பத்து மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"எழுப்பு அந்தச் சோம்பேறிய! வழி போட்டாச்சு! பாறை மேல ரெண்டு சீலு படுத்துக் கெடக்கு, இவனவிடக் கொழுப்பு! சீக்கிரம், காத்து திரும்பினா மூடிக்கும்..." நின்றான். "மெஷின் ஏன் ஓடல?"

"பூட்ஸைக் கழட்டு. இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருக்கே."

கழற்றினான். உள்ளே போய் நின்றுவிட்டு வந்தான்.

"எப்போ?"

"அஞ்சரைக்கு."

"நான் பாதி கூடப் போயிருக்க மாட்டேன்."

"மார்ச்சுல கேட்டான், ரவுனோ. நான்தான்..."

"மார்ச்சுல சீலு மேல வராது." ஈரக் காலுறையைப் பிழிந்தபடி சொன்னான். "வெறும் பனியப் பாத்துட்டு வந்து நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருப்பான்."

அவள் காபி ஊற்றினாள். அவன் குடிக்காமல் கதவு நிலையையே பார்த்தான்.

"இன்னைக்குத் தேதி ஏழு."

"பனி போகலையே. நீயில்ல உடைச்ச."

"படகு போயிட்டு வந்துச்சா இல்லையா? யாரு உடைக்கணும்னு நாங்க பேசிக்கல."

எழுந்துபோய் ஈரக் கட்டைவிரலால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். பன்னிரண்டு போயின. ஒன்று மட்டும் அழுத்திக் கீறியிருந்தது, போகவில்லை. இடுப்புக் கத்தியை உருவி அந்த இடத்தை மெல்லச் சீவினான். வெள்ளை மரச்சீவல் ஒன்று சுருண்டு, அவன் காலடியில் தேங்கியிருந்த ஏரித் தண்ணீரில் விழுந்தது.