பாசல் போகிற வண்டி

மணிக்கூட்டின் சிவப்பு வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் நின்றது. ஒரு கணம்தான். நிமிட முள் ஒரு தட்டுத் தட்டி நகர்ந்த பிறகு அதுவும் நடக்கத் தொடங்கியது. அது நிற்கும்போதெல்லாம் அந்தோனிதாஸ் மூச்சைப் பிடித்தான். மத்தியானம் இரண்டேகால். கூர் என்கிற ஊருக்குப் போகிற வண்டிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

சூரிச் ரயில் நிலையத்தில் தண்டவாளங்கள் முடிந்துவிடும். வருகிற வண்டி எதுவும் தாண்டிப் போவதில்லை. முட்டுக்கட்டைகளுக்கு முன்னால் வந்து நின்று, வந்த பக்கமாகவே திரும்பிப் போகும். லுசேர்ண் வண்டியில் வந்து இறங்கியபோது அவன் முதலில் கவனித்தது அதைத்தான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற ஒரு வாங்கைத் தேடி உட்கார்ந்தான். பையைக் கால்களுக்கு இடையில் வைத்தான். கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேசினாள். அவள் குரல் மேலே போய் உடைந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது.

ஒரு தொழிலாளி நின்றிருந்த வண்டியின் சில்லுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனான். இரும்பில் இரும்பு. அவனுடைய ஊரான சங்குமுனையின் காலைச் சத்தமும் அதுதான். அங்கே கோயிலில் மணி இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே ஒரு புயலில் விழுந்து உடைந்துவிட்டது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பூசைக்கும் சாவுக்கும் அதைத்தான் தட்டினார்கள்.

இரண்டு பொலிஸ்காரர் நாயோடு கடந்து போனார்கள். நாய் அவனுடைய பையை மணந்து பார்த்தது. அவன் அசையவில்லை. இந்த நாட்டில் இருக்க அவனிடம் கடதாசி இருந்தது. பொலிஸுக்கு அவன் பயப்படவில்லை. தமிழ் முகத்துக்குத்தான் பயந்தான்.

இயக்கத்தை விட்டு ஓடி ஒரு வருடம். ஓடிப் பிடிபட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் ஓடினான். ஊரில் அவனுடைய தம்பியைக் கொண்டுபோய் வைத்திருந்து, தமையன் எங்கே என்று கேட்டார்கள். தம்பிக்குத் தெரியாது. விட்டுவிட்டார்கள். போன கிழமை, லுசேர்ணில் அவன் வேலை செய்த ஹோட்டலின் குசினி வாசலுக்கு ஒருவன் வந்து, சங்குமுனை அந்தோனிதாஸ் இங்கேயா வேலை என்று விசாரித்தான். உள்ளே கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அந்தோனிதாஸுக்குக் குரல் மட்டும் கேட்டது. முகம் தெரியவில்லை. அன்று பின்னேரமே தலைமைச் சமையல்காரர் கூரில் தன் சகோதரியின் ஹோட்டலுக்கு டெலிபோன் எடுத்து அவனுக்கு ஒரு வேலை கேட்டார். வேறு ஒருவருக்கும் தெரியாது. கூர். அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிச்சம் இருந்தது. அதை அவனிடமிருந்து ஒருவரும் வாங்கிவிடக் கூடாது.

"தமிழோ?"

கேள்வி பக்கவாட்டிலிருந்து வந்தது. கேட்டவருக்கு நாற்பது வயது இருக்கும். அளவுக்குப் பெரிய மண்ணிற ஓவர்கோட்டு. கையில் பை இல்லை. இந்தக் குரலா அந்தக் குரல்? அந்தோனிதாஸுக்குத் தெரியவில்லை.

"ஓம்."

"கேட்டுத்தானே பாக்கவேணும். போன மாசம் இப்பிடித்தான் ஒருத்தனைக் கேக்க, அவன் மொரீசியஸ்காரனாம். மரியாதைக்கு அவனுக்குக் கோப்பி வாங்கிக் குடுத்துத்தான் கழட்டினனான்."

அவர் சிரித்தார். அந்தோனிதாஸும் சிரித்தான். அவர் உட்கார்ந்தார். எழுந்து போகலாம். போனால் ஏன் போகிறான் என்று யோசிப்பார். இந்த நாட்டில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனை விட்டு எழுந்து போவதில்லை.

"எந்த இடம், தம்பி?"

அடுத்த கேள்வி அதுதான் என்று அவனுக்குத் தெரியும். ஊர் கேட்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பிறகு கோயில், பள்ளிக்கூடம், ஆருடைய மகன். ஆளை அப்படித்தான் நெருங்குவார்கள்.

"வவுனியா."

பஸ் மாறுகிற ஊர். அங்கே யாரையும் யாருக்கும் தெரியாது.

"பேர்?"

"ராசா."

"எங்களிலை வீட்டுக்கு ஒரு ராசா," என்றார் அவர். "நான் கிளமென்ற். மன்னார்ப் பக்கம். சங்குமுனை எண்டு கேள்விப்பட்டிருப்பியள்."

சுவர் முதுகில் குளிர்ந்தது. அந்தோனிதாஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். சிவப்பு முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. சங்குமுனையில் எல்லாரையும் அவனுக்குத் தெரியும். இந்த முகம் அங்கே இல்லை.

"கேள்விப்படேல்லை, அண்ணை. எப்பிடி இடம்?"

"சொர்க்கம். கடலைப் பாத்தபடி கோயில். விடியப்புறம் அந்த மணியடிச்சால்தான் எங்களுக்கு நித்திரை முறியும். என்ன மணி! நடுக்கடலிலை நிக்கிறவனுக்கும் கேக்கும்."

அவன் தலையாட்டினான். சுத்தியல்காரன் இப்போது தூரத்தில் இருந்தான். சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அங்கே மணி இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் அவனும் சங்குமுனைக்காரன் என்று தெரிந்துவிடும்.

தூண்டிலாக இருக்கலாம். ஊரின் பெயரைப் போட்டுவிட்டு, முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க இயக்கம் இவரை அனுப்பியிருக்கலாம். அவன் முகத்தை அசையாமல் வைத்திருந்தான். கன்னம் நொந்தது.

"எங்கை பயணம்?" என்றார் அவர்.

"பாசல். நீங்கள்?" கூருக்கு எதிர்ப்பக்கத்து ஊர் அது.

"சென்ற் காலன். மச்சான் ஒருத்தன் இருக்கிறான்."

அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்து சிகரெட் பற்றவைத்தார். கோட்டின் கை மேலேறியது. மணிக்கட்டில் ஒரு நூல். சைவக் கோயிலில் ஐயர் கட்டிவிடுகிற நூல், மஞ்சள் போய் அழுக்காகியிருந்தது. கிளமென்ற் என்று பெயருள்ள கிறிஸ்தவர்களுக்கு அதை யாரும் கட்டிவிடுவதில்லை. அவர் அவன் பார்த்ததைப் பார்த்தார். கையை மறுபடி பைக்குள் விட்டார். சிகரெட் வாயிலேயே இருந்தது. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தோனிதாஸ் யோசித்தான். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

அனுப்பப்பட்டவன் என்றால் நூலை அறுத்துவிட்டு வந்திருப்பான். பிறகு தோன்றியது: அறுக்கத் தேவையில்லாத அளவுக்குப் பயமில்லாதவனாகவும் இருக்கலாம்.

அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"இந்த மணிக்கூட்டைப் பாத்தியளோ?" என்றார் அவர். "அதுவும் எங்களை மாதிரித்தான். நிமிசத்துக்கொருக்கா நிண்டு, ரெண்டு பக்கமும் பாத்திட்டுத்தான் போகுது."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மேலே வண்டி நேரங்களைக் காட்டும் பலகையில் தகடுகள் படபடவென்று புரண்டன. பாசல் என்று விழுந்தது. ஆட்கள் பைகளோடு ஓடினார்கள். அந்தோனிதாஸ் எழுந்திருக்க வேண்டும். எழுந்து அந்த வண்டியில் ஏறினால் கூர் வண்டி போய்விடும். அது போனால் இன்றைக்கு வேறு வண்டிக்கு இங்கேதான் திரும்பி வரவேண்டும், இதே வாங்குக்கு. அவன் குனிந்து பையின் வாரைப் பிடித்தான். பிடித்தபடி இருந்தான். விசில் கேட்டது. வண்டி பின்வாங்குவதுபோல் நிலையத்தை விட்டுப் போனது.

"உங்கட பாசல் வண்டியெல்லோ தம்பி அது?"

"அடுத்ததிலை போகலாம் எண்டு இருக்கிறன்."

"அதுவும் சரி."

தகடுகள் மறுபடி புரண்டன. சென்ற் காலன். இப்போது அந்தோனிதாஸ் அவரைப் பார்த்தான். அவர் சிகரெட்டைக் காலடியில் போட்டு நசுக்கினார். நெடுநேரம் நசுக்கினார். எழும்பவில்லை. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் போட்டார். வண்டி போனது. அதன் கடைசிப் பெட்டி வெளிச்சத்துக்குள் போகும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"அண்ணை, சென்ற் காலன்…"

"அதுக்கும் அடுத்தது இருக்குத்தானே."

இனிக் கூர்தான். பலகையில் விழுந்தபோது அந்தோனிதாஸ் பார்க்கவில்லை. தகடுகளின் சத்தத்தை மட்டும் கேட்டான். அவரும் பார்க்கவில்லை. இருவரும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கிப் பெண் அந்த ஊரின் பெயரைச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். அந்தோனிதாஸ் பையின் வாரைக் கையில் சுற்றினான். பக்கத்தில் அவருடைய கோட்டுப் பைக்குள் அந்தக் கை அசைந்தது. துணிக்குள் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. கடதாசியாக இருக்கலாம். கூருக்குப் போகிற டிக்கெட்டாகக்கூட இருக்கலாம்.

சிவப்பு முள் பன்னிரண்டில் வந்து நின்றது.

அவர் திரும்பாமல், உதடு அசையாமல், மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீங்கள் முதல் எழும்புறியளோ, நான் எழும்பட்டோ?"