எட்டுக்கால் எறும்பு

“என்ன படிச்சிருக்கே?”

“விலங்கியல்.”

“நல்லதாப் போச்சு. வீட்டுல பல்லி வந்தா நீயே பேசித் தீர்த்துக்கலாம்.”

பதினொரு வருடங்களுக்கு முன், பெண் பார்க்க வந்த அன்று முதன்முதலாகத் தனியாகப் பேசக் கிடைத்த பத்து நிமிடத்தில் அவன் உதிர்த்த முத்து அது. அவளும் சிரித்துத் தொலைத்தாள். சிரித்துவிட்டதால், மேலே படிக்க ஆசை என்பதைச் சொல்ல முடியாமல் போயிற்று. மாலைநேர முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பம் இப்போது சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. நாளை கடைசி நாள்.

இன்று காலை செம்பருத்தி இலையில் கறுப்பாக, அரிசி அளவில் ஒன்று ஓடியது. எறும்பின் இடுப்புதான், ஆனால் நின்று நின்று திரும்பிப் பார்த்தது. கணவனைக் கூப்பிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான் அவன். ஊருக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டிவிடுவான். தான் மட்டும் போடமாட்டான். போட்டால் வயது தெரிந்துவிடுமாம். கிளையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கித் தீர்ப்புச் சொன்னான்.

“எறும்பு.”

“சிலந்திங்க. காலை எண்ணிப் பாருங்க.”

“ஆறுதான். முன்னால தூக்கி ஆட்டுதே, அது மீசை. இதுக்கா மூணு வருஷம் காலேஜுக்குப் போனே?”

ஜன்னலிலிருந்து நாத்தனார் ஒத்து ஊதினாள். “அண்ணன் கடையிலயே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கங்க அண்ணி.”

“மீசை இல்ல, முன்னங்கால். எறும்புன்னு நம்ப வைக்கத் தூக்கிப் பிடிச்சுக்கும். ஏமாந்தவங்க ஆறோட நிறுத்திருவாங்க.”

“கடிக்கப் போகுது, தள்ளு” என்று அவன் இலையைச் சுண்டினான். அது விழவில்லை. இலை நுனியிலிருந்து நூல் விட்டு, அவன் மூக்குக்கு நேரே நிதானமாகத் தொங்கியது.

“எறும்பு நூல் விடுமாங்க?”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவன் சட்டைப் பையைத் துழாவி, யாருக்கோ கொடுக்க வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினான். உதடு அசைய எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான். அந்தத் தடித்த கண்ணாடிக்குள் அவன் கண்கள் பெரிதாக, பார்க்கப் பாவமாக இருந்தன.

“இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் இத்தனை வருஷம் வாயே திறக்கல?”

கேட்கிற ஆளைப் பார், என்று நினைத்தாள். ஆனால் கேட்டுவிட்டான்.

“நான் மேல படிக்கணும். நாளைக்குக் கடைசி நாள். தினம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திட்டு வந்து பிள்ளைங்களை நீங்க பார்த்துக்கங்க.”